அஞ்சாங்கல்லை யாரும் திருடவில்லை

சென்ற வாரம் நான் போட்ட ஜாக்ஸ்டோன்ஸ் (அயர்லாந்தில் ஆடும் ஐந்து கல் ஆட்டம்) படத்தின் கீழே நடந்த கூத்தை நண்பர்கள் பார்த்திருப்பீர்கள். நம் அஞ்சாங்கல்லை வெள்ளைக்காரன் திருடிக்கொண்டான், அதற்கு நான் இங்கிருந்து விளம்பரம் செய்கிறேன் என்று ஒருவர் எழுத, அதற்கு இதயக்குறிகள் குவிந்துவிட்டன.

படத்தில் இருப்பது அயர்லாந்தின் கால்வே பக்கத்துக் கிராமத்தில் எங்கள் அடுத்த வீட்டுப் பாட்டியின் கை. எண்பதைத் தாண்டியவர். கடற்கரையில் பொறுக்கிய ஐந்து கூழாங்கற்களை மேலே எறிந்து புறங்கையில் ஏந்தினார். கணுக்கள் வீங்கியிருந்ததால் இரண்டு நழுவி விழுந்தன. "மழை பெய்தால் பள்ளித் தாழ்வாரத்தில் இதுதான்" என்றார். இந்தக் கையா திருடியது?

1937 முதல் 1939 வரை அயர்லாந்தின் 26 மாவட்டங்களில் ஏறத்தாழ 5,000 தொடக்கப்பள்ளிகளின் பிள்ளைகள், ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டதையும் தாங்கள் ஆடியதையும் நோட்டுப் புத்தகங்களில் எழுதினார்கள். டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் அவை இன்றும் இருக்கின்றன, இணையத்திலும் படிக்கலாம். ஜாக்ஸ்டோன்ஸ், கோலி, பம்பரம், நொண்டி, எல்டர் மரக் குச்சியின் தக்கையைக் குடைந்து செய்த வெடிக்குழாய் எல்லாம் அதில் உண்டு. நம் கிட்டிப்புள்ளின் உடன்பிறப்பும் உண்டு. அதன் பெயர் பூனை! திருடியவர்கள் பெயரையாவது ஒழுங்காகத் திருடியிருக்கக் கூடாதா?

காலனியாதிக்கம் கொள்ளையடிக்கவில்லையா என்பீர்கள். அடித்தது, மறுக்கவில்லை. ஆனால் 1922 வரை ஆங்கிலேயரின் ஆட்சியில் இருந்தவர்கள் இவர்களும்தான். 19ஆம் நூற்றாண்டில் இங்கே கிராமத்துப் பிள்ளைகளின் கழுத்தில் குச்சியைக் கட்டித் தொங்கவிட்டு, தங்கள் தாய்மொழியான ஐரிஷ் பேசும்போதெல்லாம் அதில் ஒரு வெட்டுப் போட்டு, வெட்டுகளை எண்ணி அடித்தார்கள். அந்தப் பிள்ளைகளையா திருடர் என்கிறீர்கள்? ஆட்டுக் கணுக்கால் எலும்பை வைத்துப் பண்டைய கிரேக்கர்களும் இதே ஆட்டத்தை ஆடினார்கள். அவர்கள் மேலும் வழக்குப் போடலாமே. ஐந்து கல் கிடைத்த இடத்திலெல்லாம் குழந்தை ஆடும், அவ்வளவுதான் நான் சொன்னது.

கருத்துப் பிழை என்றால் பேசலாம். என் மகள் தமிழை மறந்திருப்பாள் என்றும் அவர் எழுதியதற்கு என்ன காரணம்? அன்று சமையலறை மேசையில் "ஒண்ணாம்பிடி, ரெண்டாம்பிடி" என்று பாட்டிக்குச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். பாட்டி அதைத் திருப்பிச் சொல்ல முயன்று நாக்குக் குழறிச் சிரித்தார்.

பதிவு அப்படியே இருக்கும். மகளைப் பற்றிய அந்த ஒரு வரியை மட்டும் அவரே நீக்கிவிடட்டும்.