பாம்புத் தலைப் பூச்சி கடிக்குமா? அதற்கு வாயே வேலை செய்யாது

"நூறு வருஷத்துக்கு ஒருமுறை வரும் பாம்புத்தலைப் பட்டாம்பூச்சி, உலகிலேயே பெரியது, கடித்தால் விஷம்" என்று ஒரு படம் வாட்ஸ்அப்பில் மறுபடியும் சுற்றுகிறது. படம் நிஜம், எழுதியிருப்பது எல்லாமே தப்பு.

அது அட்லஸ் அந்துப்பூச்சி வகை. மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் வருடா வருடம் வருவதுதான், ராத்திரி விளக்கு வெளிச்சத்துக்கு வந்து சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். கடிக்க அதற்கு வேலை செய்கிற வாயே கிடையாது. புழுவாக இருந்தபோது தின்று சேர்த்ததை வைத்துதான் ஓரிரு வாரம் உயிர் வாழும். சிறகு விரிப்பில் பெரியதும் இதுவல்ல, தென் அமெரிக்காவின் வெள்ளைச் சூனியக்காரி அந்துப்பூச்சி.

சரி, பெயர் விஷயத்துக்கு வருவோம், ஏனென்றால் இதில் செய்தித்தாள்களே சறுக்குகின்றன. படத்தைப் பார்த்ததும் அறிவியல் பெயர் 'அட்டாகஸ் அட்லஸ்' என்று போட்டுவிடுகிறார்கள். அது 1758-ல் ஸ்வீடன் விஞ்ஞானி லின்னேயஸ் வேறொரு இனத்துக்கு வைத்த பெயர். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இருப்பது 'அட்டாகஸ் தாப்ரோபானிஸ்', இலங்கையின் பழைய கிரேக்கப் பெயரை வைத்து மூர் என்பவர் சூட்டியது. இரண்டுக்குமே அதே செம்பழுப்பு, சிறகில் கண்ணாடி ஜன்னல் மாதிரி அதே முக்கோணத் திட்டு, சிறகு நுனியில் அதே பாம்புத் தலை. அதனால்தான் தாப்ரோபானிஸை அட்லஸின் கிளையினமாகவே வெகுகாலம் எண்ணினார்கள். இந்த மாதிரி ஒட்டிய இனங்களைப் பிரிக்க இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்ப்பார்கள், மொபைல் போட்டோவில் அது எங்கே தெரியப்போகிறது? அப்புறம் பூச்சி எந்த ஊரில் கிடைத்தது என்பதும் ஒரு துப்புதான், அதையும் ஃபார்வர்டில் வெட்டிவிடுகிறார்கள்.