கல்கத்தா என்று ஒரு பாரிஸ் மாளிகை

பிரெஞ்சு எழுத்தாளரும் இயக்குநருமான மார்கரித் துராஸின் ‘இந்தியா சாங்’ (1975) படத்தை முதல் தடவை பார்த்தபோது அரை மணி நேரத்தில் தூங்கிவிட்டேன். சிவந்த சூரியன் மெல்ல இறங்குவதை நிமிடக்கணக்கில் காட்டி ஆரம்பிக்கிற படம், பிறகு என்ன! இன்னொரு நாள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தபோதுதான், இதைக் காதால் பார்க்க வேண்டும் என்பது உறைத்தது.

கதை 1930களில், கல்கத்தாவின் பிரெஞ்சுத் தூதரகத்தில் நடக்கிறது. கல்கத்தாவின் ஒரு தெருகூடப் படத்தில் கிடையாது. பாரிஸை ஒட்டிய பூலோஞில் பாழடைந்து கிடந்த ரோத்சில்ட் மாளிகைதான் தூதரகம். (தலைநகரம் அதற்கு முன்பே டெல்லிக்குப் போய்விட்டதே, கல்கத்தாவில் ஏது தூதரகம் என்று கேட்டால், துராஸ் அதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை.)

தூதரின் மனைவியாக வரும் டெல்ஃபின் செய்ரிக் ஒரு பெரிய கண்ணாடி முன் மெதுவாக நடனமாடுகிறார். யாரும் திரையில் வாய் திறந்து பேசுவதில்லை. வெளியிலிருந்து வரும் குரல்கள், செத்துப்போனவர்களைப் பற்றி வம்பு பேசுவதுபோல் அவர்களைப் பற்றிப் பேசிக்கொள்கின்றன. லாகூரில் தொழுநோயாளிகளைச் சுட்ட துணைத்தூதர் அந்தத் தூதர் மனைவிமேல் காதல்கொண்டு இரவெல்லாம் அலறுகிறார். அந்த அலறலும் வெறும் ஒலிதான்.

அப்புறம் அந்தப் பிச்சைக்காரி. லாவோஸின் சவன்னாகெத்திலிருந்து நடந்தே வந்தவள். மதிலுக்கு வெளியே பாடுகிறாள், சிரிக்கிறாள். ஒரு தடவைகூட முகம் காட்டுவதில்லை.

‘இந்தியாவே இல்லாத இந்தியப் படம்’ என்று நண்பர்கள் திட்டினார்கள். எனக்கு அதுதான் நேர்மையாகப் படுகிறது. சைகோன் அருகே 1914இல் பிறந்து, பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட இந்தோசீனாவில் வளர்ந்தவர் துராஸ். வெள்ளைக்காரர்களின் கூடத்துக்குள் ஊர் எப்படி வரும் என்று அவருக்குத் தெரியும்: புழுக்கமாக, ஜன்னல் வழிச் சத்தமாக.

ஆனாலும் எனக்கு ஒரு மனக்குறை. தூதர் மனைவியின் சலிப்புக்குக் கிடைத்த பட்டு உடையும் பியானோவும் இருக்கட்டும், அந்தப் பிச்சைக்காரிக்கு ஒரு வாக்கியம் கொடுத்திருக்கலாம். அவள் பசி அந்த அம்மாவின் துயரத்துக்குப் பின்னணி இசையாகிப் போகிறது.

அடுத்த வருஷமே துராஸ் ஒரு காரியம் செய்தார். இந்தப் படத்தின் ஒலித்தடத்தை அப்படியே எடுத்து, அதே மாளிகையின் இடிபாடுகளை மட்டும் காட்டி இன்னொரு படம் செய்தார். அழகான முகங்கள் கிட்டத்தட்ட எதுவும் இல்லை. காரை பெயர்ந்த சுவர்கள், உடைந்த ஜன்னல்கள். இப்போது பிச்சைக்காரியின் சிரிப்பு கேட்கும்போது, அவள் மதிலுக்கு உள்ளே வந்துவிட்ட மாதிரி இருக்கிறது.