.223-உம் 5.56-உம் ஒரே தோட்டா அல்ல

அமெரிக்காவில் கொயோட்டி (ஓநாய் இனத்தைச் சேர்ந்த சிறு காட்டு விலங்கு) வேட்டைக்கும் இலக்குப் பயிற்சிக்கும் ரைஃபிள் வாங்குவோருக்கு என்று ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது: “.223 ரெமிங்டன், 5.56 நேட்டோ இரண்டும் ஒன்றே. எது மலிவோ அதைப் போட்டுச் சுடலாம்.” இது தவறு, ஆபத்தும்கூட.

வெளி அளவில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். .223 ரைஃபிளுக்குள் 5.56 தடங்கலின்றி நுழைந்தும்விடும், குழப்பமே அதனால்தான். ஆனால் 5.56 துப்பாக்கியில், குண்டு குழலின் உள்வரிகளைத் தொடும் முன் சற்றுக் கூடுதல் இடைவெளி உண்டு. அது குறைவாக உள்ள .223-இல் 5.56-ஐச் சுட்டால் அழுத்தம் அளவுமீறி ஏறலாம், பிரைமர் (தோட்டாவின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) பிதுங்கி வெளியேறலாம். சுடுபவரின் முகம் அதற்கு ஒரு சாண் தூரத்தில்தான் இருக்கிறது. 5.56 துப்பாக்கியில் .223 சுடுவது பொதுவாகப் பாதுகாப்பானதே.

குழலில் பொறித்திருப்பதையும் தோட்டாவின் அடிப்பக்க முத்திரையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பல நேட்டோ தோட்டாக்களில் வட்டத்துக்குள் சிலுவைக் குறி இருக்கும். அமெரிக்கத் தயாரிப்பாளர் அமைப்பான எஸ்.ஏ.ஏ.எம்.ஐ. வெளியிடும் பாதுகாப்பற்ற சேர்க்கைகளின் பட்டியலிலும் .223 துப்பாக்கியில் 5.56 சுடுவது உள்ளது. கொயோட்டிக்கு .223-இன் 55 கிரெய்ன் (எடை அளவு) குண்டே தாராளம்.

அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து யாருக்கும் ஃபார்வர்டு செய்யாதீர்கள்; அனுப்பியவரிடமும் சொல்லுங்கள்.