படைப்பையும் சொல்லுங்கள், பாறையின் வயதையும் சொல்லுங்கள்

போன கிழமை எங்கள் சபை வாட்ஸ்அப் குழுவில் ஒரு பாடத்தாள் வந்தது. விடுமுறை வேதாகம வகுப்புக்கு என்று யாரோ பகிர்ந்தது. பூமிக்கு வயது ஆறாயிரம், கூர்ப்பு (பரிணாமம்) என்பது பிசாசின் பொய், இதை ஏற்காதவன் வேதாகமத்தையே ஏற்காதவன். பத்து வயதுப் பிள்ளைகளுக்கு இப்படித்தான் எழுதியிருந்தது. குழுவில் இரண்டு வரியில் மறுப்புச் சொன்னேன், சிலருக்கு மனவருத்தம், அதனால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

நான் மட்டக்களப்பில் உயிரியல் படிப்பிக்கிறவன், ஞாயிறு பாடசாலையிலும் நிற்கிறவன். தேவன் வானத்தையும் பூமியையும் படைத்தார் என்பதை முழு மனதோடு நம்புகிறேன். அப்படி நம்புவதால்தான் அந்தத் தாளை எதிர்க்கிறேன்.

அதில் ஒரு பக்கம் முழுக்க, செத்த உயிரினங்களில் மிஞ்சியிருக்கும் கார்பன் 14ஐ வைத்து வயது பார்க்கிற கார்பன் முறை பிழையானது, ஆகவே பாறைகளுக்குச் சொல்லும் வயதும் பிழை என்று இருக்கிறது. கார்பன் 14இன் அரை வாழ்வுக்காலம், அதாவது அது பாதியாகக் குறைய எடுக்கும் காலம், 5730 வருடம். ஏறத்தாழ 50,000 வருடத்துக்கு மேல் அதை வைத்து எதையும் அளக்க முடியாது, கோடி வருடப் பாறையை அதால் யாரும் அளப்பதும் இல்லை. பாறைக்குள் இருக்கும் சிர்க்கன் என்ற கனிமத்தின் மணிகளில் யுரேனியம் எவ்வளவு ஈயமாக மாறியிருக்கிறது என்று பார்த்துத்தான் கணக்கிடுகிறார்கள், யுரேனியம் 238 பாதியாகக் குறைய 447 கோடி வருடம் வேண்டும். குடும்பிமலைப் பக்கம் போய் நாங்கள் ஏறி நின்று படம் எடுக்கிற பாறை இருக்கிறதே, கிழக்கின் அந்த அடிப்பாறைத் தொகுதி உருவாகத் தொடங்கியது சுமார் 100 கோடி வருடத்துக்கு முன். பூமிக்கு 454 கோடி. அந்தப் பாறையையும் அவர்தானே படைத்தார்? அது காட்டுகிற வயதைப் பொய் என்று ஒரு பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வராது.

இந்த ஆறாயிரம் என்ற எண் வேதாகமத்தில் எந்த வசனத்திலும் இல்லை. வம்ச வரலாறுகளைக் கூட்டிப் பார்த்துப் படைப்பு கி.மு. 4004இல் நடந்தது என்று 1650இல் கணக்குப் போட்டவர் அயர்லாந்துப் பேராயர் அஷர். அவர் காலத்தில் கையில் இருந்ததை வைத்து அவர் செய்த நேர்மையான முயற்சி அது, சரி. அதை விசுவாசப் பிரமாணம் ஆக்கியது நாங்கள். பிரபஞ்சம் விரிகிறது என்று 1927இல் எழுதிய லெமைத்ர் கத்தோலிக்கக் குருவானவர், பட்டாணிச் செடியில் பரம்பரையின் விதிகளைக் கண்ட மெண்டல் துறவி. நம் பிள்ளைகளுக்கு இவர்களைப் பற்றி ஏன் ஒருவரும் சொல்வதில்லை?

எனக்கு மனசு பதறுவது உயர்தரத்துக்கு வரும் பிள்ளைகளை நினைத்துத்தான். உயிரியலில் கூர்ப்பு ஒரு பாடம், தப்ப வழியில்லை. சிறுவயதில் இப்படிப் பழகிய பிள்ளை ஒன்று, பொய் என்று நினைத்துக்கொண்டே புள்ளிக்காக விடை எழுதும். இல்லாவிட்டால் பாடம் விளங்கிய அன்றைக்கு சபையையும் சேர்த்துக் கைவிடும். இரண்டு வகைப் பிள்ளைகளையும் எனக்குத் தெரியும். வந்தாறுமூலை, பேராதனைப் பல்கலைக்கழகங்களுக்குப் போன பிறகு ஜெபக் கூட்டத்துப் பக்கமே வராத பிள்ளைகளுக்காகக் கண்ணீரோடு ஜெபிக்கிற அம்மாமாரே, அந்தப் பிள்ளையிடம் 'இதுவா அதுவா' என்று முதலில் கேட்டது யார்?

2004 சுனாமியையும் சொல்லியே ஆகவேண்டும். நாவலடியிலும் கல்லடியிலும் கல்முனையிலும் தாய் தகப்பனை இழந்த பிள்ளைகளிடம் இது கடவுளின் தண்டனை என்று சொன்ன பெரியவர்கள் இருந்தார்கள். சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியில் ஒரு தட்டு இன்னொன்றின் கீழே சறுக்கியது, அலை எங்கள் கரைக்கு வர ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் எடுத்தது. அந்த நேரத்துக்குள் எச்சரிக்கை வந்திருந்தால் எத்தனையோ பேர் தப்பியிருப்பார்கள். கடல் திடீரென்று உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடு என்று படிப்பித்திருந்தால் இன்னும் சிலர். இதைப் பிள்ளைக்குச் சொல்வதும் ஊழியம்தான் என்று நினைக்கிறேன், தண்டனை என்று சொல்லி வாயடைப்பது ஊழியம் இல்லை.

படைப்பைச் சொல்ல எங்களுக்கு மட்டக்களப்பு வாவி போதும். பிள்ளைகளைக் கண்டல் மரங்கள் நிற்கும் சேற்றோரம் கூட்டிக்கொண்டு போங்கள். விதை மரத்தில் தொங்கும்போதே முளைவிடுவதையும், சேற்றுக்கு மேலே வேர் நீட்டி மூச்செடுப்பதையும் காட்டுங்கள். உப்புச் சேற்றில் பிழைக்க இந்த மரம் எத்தனை தலைமுறையில் இப்படியானது என்று விளக்குங்கள், பிறகு அதே இடத்தில் நின்று சங்கீதம் வாசியுங்கள். இதே வாவியில் கேட்கிற பாடும் மீன் சத்தத்தை 1950களில் ஒலிப்பதிவு செய்த லாங் அடிகளாரும் ஒரு குருவானவர்தானே, தேவனின் அதிசயம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகவில்லை அவர்.

போதகர் ஐயாமாரிடமும் ஞாயிறு பாடசாலை அக்காமாரிடமும் ஒன்று கேட்கிறேன். டிசம்பர் வகுப்புக்குப் பாடத்தாள் தெரிவு செய்யும்போது சபையில் இருக்கிற ஒரு விஞ்ஞான ஆசிரியரிடம் முதலில் காட்டுங்கள். கிட்டத்தட்ட எல்லாச் சபையிலும் ஒருவராவது இருப்பார். எங்கள் சபைக்கு அந்தக் கார்பன் பக்கத்துக்குப் பதிலாக கண்டல் பற்றி நான்கு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன், வேண்டியவர்கள் உள்பெட்டியில் கேளுங்கள், அனுப்புகிறேன்.