மயிலாப்பூர் கட்டைக்குத்து வீட்டுக்குச் சிமெண்ட் பூசாதீர்கள்
மாடவீதிப் பக்கத்துப் பழைய கட்டைக்குத்து வீடுகளில் (தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல் அடுக்கி மாடி போட்ட வீடுகள்) ‘சுண்ணாம்புச் சுவர் ஈரம் இழுக்கிறது, சிமெண்ட் பூசி, மாடியில் காங்கிரீட் போட்டால் சரியாகும்’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள், வீடே போய்விடும்.

சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வெயிலில் வெளியே விட்டும் விடும். சிமெண்ட் அந்த வழியை அடைக்கிறது. உள்ளே சிக்கிய ஈரம் உப்போடு மேலேறிப் பூச்சைத் தள்ளும். சுவருக்குள் இருக்கும் தேக்கு உத்தரத்தின் முனையை உளுத்துப்போக வைக்கும். பூச்சு மூடியிருப்பதால் இது வெளியில் தெரியாது. கட்டைக்குத்து மாடி இறங்குவது பெரும்பாலும் இந்த முனையில்தான்.

மாடியில் உத்தரங்களின் மேல் மெல்லிய செங்கல்லைக் குத்துவாக்கில் கோணலாக அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்து, மேலே தட்டோடு, அதாவது தட்டையான ஓடு, பதித்திருப்பார்கள். அதன்மேல் காங்கிரீட் வெறும் பாரம்தான். ஒழுகினால் முதலில் மழைநீர்க் குழாய் வாயையும், கைப்பிடிச் சுவர் சேரும் மூலையையும், சந்தில் முளைத்த அரசங்கன்றையும் பாருங்கள். கன்றை வேரோடு எடுத்து, தட்டோட்டுச் சந்துகளைச் சுண்ணாம்புக் கலவையால் அடைத்தாலே பல ஒழுகல் நின்றுவிடும். கலவை இறுகும்வரை சில நாள் ஈரச்சாக்கு போட்டு வையுங்கள், இல்லையென்றால் வெடிக்கும்.