கேட்ட பணம் கொஞ்சம், நின்ற நாளுக்குத்தான் செலவு

கம்ப்யூட்டரில் இருப்பதையெல்லாம் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்கும் ரான்சம்வேர் பற்றிப் பேச்சு வந்தாலே "எவ்வளவு கேட்டானாம்?" என்றுதான் கேட்கிறார்கள். வேலை எத்தனை நாள் நின்றது என்று யாரும் கேட்பதில்லை. பெரிய செலவே அங்கேதான்.

2019இல் அமெரிக்காவின் பால்டிமோர் மாநகராட்சியிடம் கேட்டது 13 பிட்காயின், அன்றைக்கு சுமார் 76,000 டாலர். கொடுக்கவில்லை. மீட்பு வேலை, வராமல் போன வருமானம் எல்லாம் சேர்ந்து 1.8 கோடி டாலர் ஆகும் என்று மாநகராட்சியே கணக்குச் சொன்னது. கொடுத்துத் தொலைத்திருக்கலாமே என்றால், 2021இல் கலோனியல் பைப்லைன் என்ற அமெரிக்க எரிபொருள் குழாய் நிறுவனம் 44 லட்சம் டாலர் கொடுத்தது. பூட்டைத் திறக்கப் பதிலுக்குக் கிடைத்த மென்பொருள் ஆமை வேகத்தில் ஓட, கடைசியில் சொந்த பேக்கப்பைத்தான் நம்ப வேண்டியிருந்தது.

டவுனில் மொத்த வியாபாரம் செய்யும் அண்ணாச்சி ஒருவர், "நம்ம கடைய எவம்டே தேடி வரப் போறான்? எல்லாம் டாலில இருக்குல்லா" என்கிறார். டாலி என்பது கணக்கு எழுதும் மென்பொருள். யாரும் தேடி வர வேண்டாம் அண்ணாச்சி. தூரத்திலிருந்தே கம்ப்யூட்டரை இயக்க வைத்திருக்கும் வழிதான் ரிமோட் டெஸ்க்டாப். இணையத்தில் திறந்து கிடக்கும் அவற்றை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பது ஒரு நிரல். அதற்கு உங்கள் கடையும் ஒன்றுதான், அமெரிக்கக் கம்பெனியும் ஒன்றுதான்.

தீபாவளிக்கு முந்தின வாரம் அந்த டாலி திறக்கவில்லை என்று வையுங்கள். வள்ளியூர், அம்பை, நாங்குநேரிக் கடைக்காரர்கள் வைத்திருக்கும் பாக்கிக்குச் சாட்சி இல்லை. அவர்களாக நினைத்துச் சொன்னால்தான் உண்டு. சரக்கு வாங்க வந்தவர் பக்கத்துக் கடைக்குப் போவார், போனவர் திரும்புவார் என்று சொல்ல முடியாது. இதற்கு நடுவில் ஆள் சம்பளம், வாடகை, வங்கி வட்டி, ஜிஎஸ்டி தாமதக் கட்டணம் எதுவும் நிற்காது.

பேக்கப் இருக்கிறது என்பார்கள். பார்த்தால் அந்த ஹார்ட் டிஸ்க் நாள் முழுக்க அதே கம்ப்யூட்டரில் செருகியே கிடக்கும். பூட்டுகிறவன் அதையும் சேர்த்துத்தான் பூட்டுவான்.

2017இல் நோட்பெட்யா என்ற நாச நிரல் தாக்கியபோது மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்துக்கு நடந்தது இதுதான். யார் எந்தக் கம்ப்யூட்டருக்குள் நுழையலாம் என்ற விவரம் வைத்திருந்த சர்வர்கள் ஒன்றுக்கொன்று பேக்கப்பாக இணைந்தே இருந்ததால் உலகம் முழுக்க அழிந்தன. கானாவில் மட்டும் ஒன்று தப்பியது. காரணம், அந்த நேரம் அங்கே கரண்ட் கட்! (மின்வாரியத்தைத் திட்டுகிறவர்கள் கவனிக்கவும்.) அதை வைத்துத்தான் மீண்டார்கள். அப்படியும் 45,000 கம்ப்யூட்டர்களில் எல்லாவற்றையும் புதிதாக ஏற்ற வேண்டியிருந்தது. நஷ்டம் 25 முதல் 30 கோடி டாலர்.

அண்ணாச்சியிடம் நான் கேட்டது இரண்டுதான். பேக்கப் எடுத்ததும் டிஸ்க்கைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டு போங்கள், மாதம் ஒரு தடவை வேறு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். அப்புறம், சனிக்கிழமைதோறும் பாக்கிப் பட்டியலை பிரிண்ட் எடுத்துவிடுங்கள். பிரிண்டுக்கு மட்டும் சரி என்றிருக்கிறார்.