மாட்டுக்கு என்ன ஊசி போட்டீங்க?

எனக்கு ஏழெட்டு வயதிருக்கும். தாத்தா திருக்கழுக்குன்றம் மலைக்குக் கூட்டிப் போனார். உச்சிவெயில். பாறைமேல் குருக்கள் ஒருவர் சர்க்கரைப் பொங்கலோடு உட்கார்ந்திருக்க, கூட்டம் மொத்தமும் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. "காசியிலேர்ந்து வருதுடா" என்றார் தாத்தா. வந்தன, இரண்டு கழுகுகள். வெள்ளை உடம்பு, இறக்கையில் கறுப்பு, முகம் மட்டும் மஞ்சள் அரைத்துப் பூசினாற்போல. தத்தித் தத்தி நடந்து வந்து பொங்கலைக் கொத்திவிட்டுப் பறந்து போயின. எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

1990களின் இறுதியிலிருந்தே அங்கே அவை வருவதில்லை. போன தை மாதம் மகளோடு மலை ஏறினேன். "கலி முத்திடுச்சும்மா, அதான் வர்றதில்ல" என்று படிக்கட்டில் ஒரு பெரியவர் அவளிடம் சொன்னார். இறங்கும்போது அவள் என்னிடம் கேட்டாள்: "நெஜமாவாப்பா?" அவளுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

திருக்கழுக்குன்றத்துக்கு வந்தவை மஞ்சள்முகப் பாறுகள். பிணந்தின்னிக் கழுகு என்று நாம் முகம் சுளித்துச் சொல்கிற இனத்துக்குத் தமிழில் பாறு என்று எவ்வளவு அழகான பெயர் இருக்கிறது! அந்த ஜோடி வராமல் போன அதே காலத்தில் நாடு முழுக்கப் பாறுகள் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தன. 1992க்கும் 2007க்கும் இடையில் இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகளில் 99.9 விழுக்காடு அழிந்துபோயின. ஆயிரம் இருந்த இடத்தில் ஒன்று. யாரும் வேட்டையாடவில்லை, கூட்டைக் கலைக்கவில்லை. என்ன நோய் என்று ஆராய்ச்சியாளர்கள் வருடக்கணக்கில் தேடினார்கள். பாகிஸ்தானில் செத்த பாறுகளை அறுத்துப் பார்த்தபோது சிறுநீரகம் செயலிழந்து, உள்ளுறுப்புகளின்மேல் வெள்ளை வெள்ளையாய் யூரிக் அமிலம் படிந்திருந்தது. 2004இல் காரணம் உலகுக்குத் தெரிந்தது: டைக்ளோஃபெனாக். நாம் மூட்டுவலிக்கும் முதுகுவலிக்கும் போட்டுக்கொள்கிற அதே மருந்து.

1990களில் விலை மலிந்து அது மாட்டுக்கும் வந்துவிட்டது. ஊசி போட்ட மாடு ஓரிரு நாளில் இறந்து, அதன் உடலைப் பாறுகள் தின்றால் அவற்றின் கதை முடிந்தது. நூறு மாட்டுச் சடலங்களில் ஒன்றுக்கும் குறைவானதில் அந்த மருந்து இருந்தாலே இவ்வளவு பெரிய அழிவு நேரும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு சடலத்தைத் தின்னப் பத்து நாற்பது பாறுகள் கூடுமே! அதுவும் வருடத்துக்கு ஒரே முட்டை இடுகிற பறவை. குஞ்சு பொரிக்கும் வயதுக்கு வரவே ஐந்தாறு வருடம் ஆகும். போன வேகத்தில் திரும்பி வராது.

எனக்கு மனசு ஆறாத இடம் இதுதான். இந்த விஷத்தைப் பாசத்தில்தான் கொடுத்தோம். வலியில் தவிக்கிற மாட்டைப் பார்த்துக்கொண்டு யாரால் சும்மா இருக்க முடியும்? எங்கள் வீட்டிலும் அந்த ஊசி போட்டிருக்கிறோம். மடிவீக்கம் வந்த பசு சாயங்காலமே எழுந்து நின்றால் அப்பாவுக்குப் போன உயிர் திரும்பி வரும். காட்டுயிர் என்றாலே புலி, யானை, அவற்றைக் கொல்கிற வேட்டைக்காரன் என்றுதான் நமக்குப் படம் ஓடுகிறது. இயற்கையோடு நம்முடைய உறவு மாட்டுக்கொட்டகையிலும் மருந்துக்கடையிலும்தான் தினம் தினம் தீர்மானமாகிறது என்பது எனக்கு நாற்பது வயதில்தான் உறைத்தது.

மதுராந்தகம் பக்கம் எங்கள் ஊர். "அப்பல்லாம் மாடு செத்தா ஏரிக்கரை ஓரம் இழுத்துப் போட்டுடுவாங்க, மறுநாள் போனா எலும்புதான் கெடக்கும்" என்று அத்தை சொல்வார். அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயில் செத்த மாட்டைத் தின்றாலும் பாறுக்கு ஒன்றும் ஆகாது. அதன் வயிற்று அமிலம் அப்படி. இப்போது அந்த வேலையைத் தெருநாய்கள் செய்கின்றன, அரைகுறையாக. பாறுகள் போனதால் 2000 முதல் 2005 வரை மட்டும் இந்தியாவில் சுமார் 5 லட்சம் மனித உயிர்கள் கூடுதலாகப் போயிருக்கும் என்று 2024இல் வெளியான ஒரு பொருளியல் ஆய்வு சொல்கிறது. அழுகிய சடலம், கெட்ட தண்ணீர், பெருகிய நாய்கள், வெறிநோய் என்று எல்லாம் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வந்தவை. இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

தமிழ்நாட்டில் பாறுகளின் கடைசிப் புகலிடம் நீலகிரிக்குக் கீழே மாயாற்றுப் பள்ளத்தாக்கு. ஆற்றங்கரை நீர்மருது மரங்களில் வெண்முதுகுப் பாறுகள் கூடு கட்டுகின்றன. பாறை இடுக்குகளில் கருங்கழுத்துப் பாறு. செந்தலைப் பாறும் அங்கே உண்டு. அதை ஒட்டிய கர்நாடக, கேரளக் காடுகளையும் சேர்த்து எண்ணினாலும் சில நூறுதான். கால்நடையைப் புலியோ சிறுத்தையோ அடித்துவிட்டால், ஆத்திரத்தில் சிலர் செத்த மாட்டில் விஷம் வைத்துவிடுகிறார்கள். அதில் முதலில் இறங்குவது பாறுதான். இழப்பீடு தாமதமில்லாமல் கைக்கு வந்தால் அந்த விஷத்துக்கு வேலை இருக்காது என்று நம்புகிறேன்.

டைக்ளோஃபெனாக்கைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்த 2006இலேயே தடை வந்துவிட்டது. ஆனால் மனிதர்களுக்கான பெரிய குப்பியை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். 2015இல்தான் அந்த ஊசிக் குப்பியை 3 மில்லிக்கு மேல் விற்கக் கூடாது என்றார்கள். மாற்றாக வந்த கீட்டோபுரோஃபெனும் அசிக்ளோஃபெனாக்கும் பாறுகளைக் கொல்பவைதான். அவற்றுக்கு 2023இல் தடை, அதன்பிறகு நிமெசுலைடுக்கும். ஒவ்வொன்றுக்கும் இத்தனை வருடம் எடுத்துக்கொண்டதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

போன மாதம் சித்தப்பா வீட்டில் கன்று ஈன்ற பசு எழ முடியாமல் படுத்துவிட்டது. மாட்டு டாக்டர் வந்தார். ஊசியில் மருந்து ஏற்றும்போது தயங்கித் தயங்கித்தான் கேட்டேன், "சார், இது என்ன ஊசிங்க?" சித்தப்பா என்னை முறைத்தார். டாக்டர் கோபிக்கவில்லை. குப்பியைத் திருப்பிக் காட்டினார். மெலாக்சிகம். "இது கழுகுக்கு ஒண்ணும் பண்ணாது. நீங்க கேட்டது நல்லதுதான். இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல" என்றார்.

மாடு வைத்திருக்கும் நண்பர்களே, உறவுகளே, அடுத்த முறை நீங்களும் கேளுங்கள். டைக்ளோஃபெனாக், கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக், நிமெசுலைடு என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். மெலாக்சிகம் அல்லது டோல்ஃபெனமிக் அமிலம் போடச் சொல்லுங்கள். இந்த ஆறு பெயரையும் ஒரு தாளில் எழுதிக் கொட்டகைச் சுவரில் ஒட்டிவிடுங்கள். சித்தப்பா வீட்டுக் கொட்டகையில் என் மகள் எழுதி ஒட்டியிருக்கிறாள், ஓரத்தில் மஞ்சள் மூக்கோடு ஒரு பறவையும் வரைந்து.